ஐம்பதைத் தாண்டிய பின் பழனிக்கு முதல் பாதயாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து தைப்பூசத்துக்குப் பழனி செல்லும் பாதயாத்திரைக் குழு ஒன்றில், புதிதாகச் சேர்பவர்களிடம் பேசி அவர்களைத் தயார்ப்படுத்தும் வேலை என்னுடையது. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்தவர்கள், அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு வருகிறவர்கள் என்று ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக நடக்க விரும்புவோர் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உடல்நலம் குறித்த விடைகள் பொதுவானவை. தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எனக்கு 58 வயசு. மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்றதுதான் நான் நடக்கிற நடை. என்னால பழனி வரைக்கும் நடக்க முடியுமா?

பெரும்பாலோரால் முடியும், ஆனால் அதற்கு நான்கைந்து மாத அவகாசம் வேண்டும். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும், தொடையிலும் கெண்டைக்காலிலும் பலம் கூடிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களும், மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும், எலும்புகளும் அந்த வேகத்தில் பலப்படுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், ஐம்பதுக்கு மேல் இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.

ஆகவே ஆபத்தான காலம் ஆறாவது, ஏழாவது வாரம். உடம்பு லேசாகிவிட்டது, எவ்வளவு தூரமும் போகலாம் என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் பலர் தூரத்தை ஒரேயடியாக இரண்டு மடங்காக்கிக் குதிகால் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரே நாளில் 25 கிலோமீட்டர் நடந்துவிடுவது தகுதிக்கு அளவுகோல் ஆகாது. நடந்து படுத்த பிறகு மறுநாள் விடியற்காலையில் எழுந்து மீண்டும் நடக்க முடிகிறதா என்பதையே பார்க்க வேண்டும். கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் நாள் காலையைச் சுற்றியே அமைந்திருக்கும்.

மொத்தம் எவ்வளவு தூரம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 160 முதல் 170 கிலோமீட்டர். குழுவுக்குக் குழு கணக்கு மாறும். ஐந்து நாளில் முடிப்பவர்களும் உண்டு, ஏழு நாள் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. நாளொன்றுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத குழுவையே ஐம்பதைத் தாண்டிய புதியவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முழுத் தூரத்தையும் முதல் ஆண்டிலேயே நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். நாளுக்கு 20 வீதம் மூன்று நாளில் நடந்துவிடலாம். மதுரையிலிருந்து என்றால் சுமார் 120. முதல் ஆண்டு திண்டுக்கல்லில் சேர்ந்துகொண்டு, அடுத்த ஆண்டு நத்தத்திலோ சிங்கம்புணரியிலோ தொடங்கியவர்கள் எங்கள் குழுவில் பலர் இருக்கிறார்கள். தொடர்ந்து பல ஆண்டுகள் வருவதும் அவர்கள்தான்.

பயிற்சியை எப்பத் தொடங்கணும், எப்படிச் செய்யணும்?

தைப்பூசம் ஜனவரிப் பிற்பகுதியிலோ பிப்ரவரி முற்பகுதியிலோ வரும். ஆவணிக் கடைசியில் தொடங்கினால் போதிய அவகாசம் கிடைக்கும். முதல் மூன்று வாரம் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் போதும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். அதன்பின் வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீண்ட நடைக்கு ஒதுக்கி, 6 கிலோமீட்டரில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை என்று கூட்டிக்கொண்டே போகலாம். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறைக்க வேண்டும். நாண்களும் எலும்பும் தேறுவது அந்தக் குறைந்த வாரத்தில்தான் என்பதால், அதைச் சோம்பல் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

கார்த்திகை நடுவில் ஒரே மூச்சில் 15 கிலோமீட்டர் நடக்க வந்துவிட்டால், மார்கழியில் உண்மையான பயிற்சி ஆரம்பமாகிறது. சனிக்கிழமை 15, ஞாயிற்றுக்கிழமை 12 என்று அடுத்தடுத்த இரண்டு நாள் நடக்க வேண்டும். ஞாயிறு காலையில் பாயிலிருந்து எழுந்து காலைத் தரையில் ஊன்றும்போது குதிகால் குத்தும், இடுப்பு மடங்க மறுக்கும், கழிவறை வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். இது இயல்பு. வெந்நீரில் குளித்துவிட்டு மெதுவாக நடக்கத் தொடங்குங்கள். இருபது நிமிடத்துக்குள் வலி கரைந்துபோனால் அது வெறும் விறைப்பு. நடக்க நடக்க ஒரே இடத்தில் கூடிக்கொண்டே போனால் அது காயம், அன்றைக்கு நடையை அதோடு நிறுத்திவிட வேண்டும். இந்த வித்தியாசத்தை வீட்டருகே தெரிந்துகொண்டவர், நத்தத்து மண்டபத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழும்போது பயப்பட மாட்டார்.

புறப்படுவதற்கு முந்தைய பத்து நாளும் நடையைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்க அந்தப் பத்து நாள் உதவாது.

ஐப்பசி கார்த்திகைல எங்க ஊர்ல மழை விடவே விடாது. பயிற்சி கெட்டுப்போகுமே?

வடகிழக்குப் பருவமழையும் நம் பயிற்சிக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அதைத் தவிர்க்க வழியில்லை. மழை நாள்களில் மாடிப்படி ஏறி இறங்குவதும், நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதும் தொடைக்கு நல்ல பயிற்சி. கோயில் பிராகாரம் பக்கத்தில் இருந்தால் அங்கே சுற்றலாம். ஒரு வாரம் முழுவதும் நடக்க முடியாமல் போனால், விட்ட இடத்துக்கு ஒரு வாரம் முந்தைய தூரத்திலிருந்து தொடருங்கள். இரண்டு வாரத் தூரத்தை ஒரே வாரத்தில் அடைக்க முயல்வதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

திருவண்ணாமலை கிரிவலம் அடிக்கடி போயிருக்கேன். 14 கிலோமீட்டர் அசால்ட்டா நடப்பேன். அந்தப் பழக்கம் போதாதா?

நல்ல தொடக்கம்தான். ஆனால் கிரிவலம் ஓர் இரவோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் பேருந்தில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பிவிடுகிறோம். பௌர்ணமிக் கூட்டத்தில் நடை தானாகவே மெதுவாகிவிடுவதால், நம் உண்மையான வேகமும் அங்கே தெரிவதில்லை. அடுத்த முறை கிரிவலம் முடித்த மறுநாள் மாலையில் வீட்டருகே 8 கிலோமீட்டர் நடந்து பாருங்கள். அது உங்கள் நிலையைச் சரியாகச் சொல்லிவிடும்.

தைப்பூசத்துக்குப் பதிலா பங்குனி உத்திரத்துக்கு நடக்கலாமா? அப்பத்தான் எனக்கு லீவு கிடைக்கும்.

நடக்கலாம். கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பழனிக்கு நடந்துவரும் கொங்கு நாட்டு மக்களுக்குப் பங்குனி உத்திரமே பெரிய நடை. வெயில்தான் வேறுபாடு. தை மாதத்தில் காலை பத்து மணி வரை தாராளமாக நடக்கலாம். பங்குனியில் எட்டரை மணிக்கே நிழல் தேட வேண்டியிருக்கும். வயது கூடக்கூடத் தாக உணர்வு மழுங்குகிறது, வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனும் குறைகிறது. ஆகவே அறுபதைத் தாண்டியவர்களின் முதல் நடை தை மாதத்தில் அமைவதே நல்லது.

செருப்பு போடாம நடக்கிறதா வேண்டிக்கிட்டேன். கால் பழகிடும்ல?

இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன் நான் எப்போதும் ஒன்று கேட்பேன்: உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால், வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நீண்டகாலச் சர்க்கரை பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால், முள் ஏறியதும் தார் சுட்டதும் உறைக்காது. ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும் என்பதால் சின்னக் காயம்கூட ஆறாத புண்ணாகி விரலை இழக்கும் வரை கொண்டுபோய்விடும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் அனைவரும் புறப்படும் முன் அதைச் செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கால் ஓரளவுக்குத்தான் பழகும். வயதாக ஆகப் பாதத்தின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை மெலிந்துவிடுகிறது. தை மாதமே ஆனாலும் பதினொரு மணிக்குத் தார்ச்சாலை காலைச் சுடும். சாலையோர மண்ணில் இறங்கினால் சீமைக்கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும். வெறுங்காலோடு பயிற்சி செய்யாமல் ஷூவோடு பழகிவிட்டுப் புறப்படும் நாளன்று கழற்றுவது மிகவும் தவறு. வெறுங்கால்தான் என்றால் பயிற்சியிலும் பாதித் தூரமாவது வெறுங்காலோடு நடந்திருக்க வேண்டும்.

வேண்டுதலை மதித்தே ஒரு வழி சொல்கிறேன். வழியில் ஒவ்வொரு கோயில் வாசலிலும் காலணியைக் கழற்றி வணங்கி, பழனி அடிவாரத்தில் அதைப் பையில் வைத்துவிட்டு, கிரிவலத்தையும் மலையேற்றத்தையும் வெறுங்காலோடு முடிப்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களிடமோ குருக்களிடமோ கேட்டு இப்படி மாற்றிக்கொள்வதில் குறையொன்றும் இல்லை என்பது என் நம்பிக்கை.

என்ன ஷூ வாங்கணும்? விலை கூடுனதா இருந்தாத்தான் நல்லதா?

விலையைவிட அளவே முக்கியம். நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால், மாலை நேரத்தில், நீங்கள் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். நின்ற நிலையில் நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். வாங்கிய ஷூவோடு 80, 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். புது ஷூவோடு புறப்படுபவருக்கு முதல் நாள் இரவே கொப்புளம் வந்துவிடும். பருத்திச் சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆகவே சீக்கிரம் காயும் துணியில் மூன்று ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் வார் வைத்த சாண்டலும் பலருக்கு நன்றாக ஒத்துவருகிறது. ஹவாய் செருப்பு மட்டும் வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுகிப் பிடிப்பதால், முன்னங்கால் எலும்பை ஒட்டி வலி எடுக்கும். கால் நகங்களைப் புறப்படுவதற்கு நான்கைந்து நாள் முன்பே நேராக வெட்டிக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வந்தா ஊசி நூல் கோத்து விடணும்னு சொல்றாங்க. சரியா?

கொப்புளத்தினுள் நூலைக் கோத்துவிட்டால் அந்த நூல் வழியாகவே கிருமி உள்ளே போகும். அதைச் செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். சிறியதாக, வலிக்காமல் இருந்தால் அப்படியே விட்டு மேலே பஞ்சுப்பட்டை ஒட்டிவிடலாம். புளியங்கொட்டையைவிடப் பெரிதாகி, அடுத்த நாள் நடையில் தானாகவே உடைந்துவிடும் என்ற நிலை இருந்தால், சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைத்து, பிரிக்காத புது ஊசியால் கொப்புளத்தின் ஓரத்தில், தோல் தொடங்கும் இடத்தை ஒட்டி இரண்டு துளை இட்டு, நீரை மெதுவாக அழுத்தி வெளியேற்ற வேண்டும். மேல்தோலை உரிக்கக் கூடாது. கீழேயுள்ள பச்சைத் தோலுக்கு அதுவே மூடி. பிறகு கிருமிநாசினிக் களிம்பு தடவிக் கட்டுப் போட்டு, காலையில் புறப்படும் முன் கட்டை மாற்ற வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தாங்களாகவே ஊசி போடாமல் மருத்துவ முகாமில் காட்ட வேண்டும்.

கொப்புளம் வருமுன் ஒரு கட்டம் உண்டு: ஓர் இடம் மட்டும் சூடாக, உரசுவதுபோல் உறுத்தும். அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, சாக்ஸை மாற்றி, உறுத்தும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். அந்த ஐந்து நிமிடம் மறுநாள் நடையைக் காப்பாற்றும். தொடை உரசுவதற்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ புறப்படும்போதே தடவிக்கொள்ளலாம்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன். நடந்தா சர்க்கரை குறையும்னுதானே சொல்றாங்க, அப்ப நல்லதுதானே?

குறையும் என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். அரை மணி நேர நடைக்கு ஏற்ப முடிவு செய்த மருந்தளவு, ஆறு மணி நேர நடைக்குக் கூடுதலாகிவிடலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் தாழ்சர்க்கரை ஆபத்து அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சிறுநீரை அதிகப்படுத்தி உடலின் நீரைக் குறைக்கும். விரதம் என்று சாப்பிடாமலும் இருந்தால் வேறு சிக்கலும் வரும். ஆகவே மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு, “ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம், இத்தனை நாள் தொடர்ந்து நடக்கப்போகிறேன்” என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, நடக்கும் நாள்களுக்கான அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சியின் நீண்ட நாள்களிலேயே அந்த அளவைப் பரிசோதித்துவிட வேண்டும்.

கை நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டுவது, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். சோதித்துப் பார்த்து 70க்குக் கீழே இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மீண்டும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவி கையில் இல்லாவிட்டால் சந்தேகம் வந்தவுடனேயே குடித்துவிடுங்கள். நடையை முடித்துப் படுத்த பிறகு நள்ளிரவிலும் சர்க்கரை இறங்கும் என்பது பலருக்குத் தெரியாது. தூங்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள். குளுக்கோஸ் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும், பைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் இருந்து பயனில்லை.

பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வேற வெச்சிருக்காங்க. வரலாமா?

ஸ்டென்ட் வைத்தவர்கள் நடக்கவே கூடாது என்ற விதி இல்லை; இதய மருத்துவர் பரிசோதித்து அனுமதித்தால் வரலாம். அந்த அனுமதி இல்லாமல் யாரையும் எங்கள் குழுவில் சேர்ப்பதில்லை. சிறுநீரைப் பிரிக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நீண்ட நடையில் உடல்நீர் குறைந்து, உட்கார்ந்து எழும்போது தலைசுற்றும். நாடித் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டக் கூடாது. மூன்றாம் விடையில் சொன்ன பேச்சு அளவையே பயன்படுத்துங்கள்.

முட்டி தேய்ஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். நடந்தா இன்னும் தேயாதா?

மூட்டுத் தேய்மானம் தொடக்க, நடு நிலைகளில் இருப்பவர்களுக்கு அளவோடு கூட்டிக்கொண்டுபோகும் நடையால் தேய்மானம் வேகமாகிவிடுவதில்லை. தொடையின் முன்பக்கத் தசை பலப்படுவதால் வலி குறைவதே அதிகம். மழை நாளுக்குச் சொன்ன நாற்காலிப் பயிற்சி இவர்களுக்கு அன்றாடம் தேவை. உடல் எடையில் சில கிலோ குறைந்தாலும் ஒவ்வோர் அடியிலும் முட்டி மீது இறங்கும் பாரம் அதைப்போல் பல மடங்கு குறைகிறது. கைத்தடி ஒன்று, முடிந்தால் இரண்டு வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கத்தில் அது முட்டிக்குத் தரும் ஆறுதலை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

முட்டி வீங்கியிருந்தாலோ, நடுவழியில் பூட்டிக்கொண்டதுபோல் மடக்க முடியாமல் போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ அந்த ஆண்டு வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதும் நல்லதல்ல. நீர் குறைந்த உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிரஷரையும் ஏற்றும்.

வழியெல்லாம் அன்னதானம் போடுறாங்களே, சாப்பாட்டுக்குக் கவலை இல்லைல?

கவலை இல்லை, கட்டுப்பாடுதான் வேண்டும். பொங்கல், எலுமிச்சைச் சாதம், சுண்டல், பானகம், மோர், சுக்குமல்லிக் காபி என்று அன்போடு கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள், மறுக்க மனம் வராது. ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நடந்தால் நெஞ்செரிச்சலும் தூக்கமும் வரும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கை அளவு வாங்கிக்கொள்வதே போதும். சர்க்கரை உள்ளவர்கள் பானகத்தைத் தாழ்சர்க்கரைக்கு மருந்தாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குடிக்காமல் நடந்தால் தலைவலி, தசைப்பிடிப்பு. வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்க் குமட்டலும் குழப்பமும் வரும். தாகத்துக்குச் சற்று முன்னதாகவே சில மடக்குக் குடியுங்கள். நடுநடுவே உப்புப் போட்ட மோர் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பொம்பளைங்களுக்கு வழியில பாத்ரூம் வசதி இருக்குமா? அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதில்ல.

எங்கள் குழுவில் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் இந்தக் கேள்வியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு நடப்பதால் சிறுநீர்த் தொற்று வந்து, இரண்டாம் நாளே காய்ச்சலோடு திரும்பியவர்கள் உண்டு. கல்யாண மண்டபங்கள், பெட்ரோல் பங்க்குகள், அன்னதானம் நடக்கும் வீடுகள் ஆகியவையே நம்பகமான இடங்கள். சேரும் முன் குழுத் தலைவரிடம், “எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பெண்களுக்கு ஏற்பாடு?” என்று நேரடியாகக் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாத குழுவில் சேர வேண்டாம்.

நடக்கும்போதும் இருமும்போதும் சிறுநீர் கசிவது பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பரவலாக இருக்கும் தொல்லை. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை இரண்டு மூன்று மாதம் அன்றாடம் செய்தால் பெரும்பாலும் குறையும். குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டினால் அதற்கு வழி உண்டு.

ராத்திரில நடக்கிறது பாதுகாப்பா?

நான் கவலைப்படுவது நோயைவிட வாகனங்களைப் பற்றித்தான். திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் இடையே சில பகுதிகளில் நடப்போருக்கென்று சாலையோரப் பாதை இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் அதிலேயே நடங்கள். இல்லாத இடத்தில் சாலையின் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பச்சை வேட்டியும் காவித் துண்டும் இருட்டில் தெரியாது. முதுகிலும் கைத்தடியிலும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு எழுந்து ஒன்பது, பத்து மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் நடப்பது நல்ல முறை. நள்ளிரவைத் தாண்டி நடப்பவர்களோடு சேராதீர்கள். தூக்கக் கலக்கத்தில் சாலைக்குள் இறங்கிவிடுவோம், அதே கலக்கத்தில் ஓட்டுநரும் இருப்பார்.

மண்டபத்துல தரையில படுத்துத் தூங்க முடியுமா தெரியல.

பயிற்சிக் காலத்தில் வாரத்தில் இரண்டு இரவு பாயில் படுத்துப் பழகுங்கள். தூக்கத்தைவிடத் தரையிலிருந்து எழுவதே பலருக்குச் சிரமம் என்பதால், அதையும் அன்றாடம் நான்கைந்து முறை செய்து பாருங்கள். காது அடைப்பான் ஒரு ஜோடி, மெல்லிய கம்பளி ஒன்று போதும். தை மாதப் பனி விடியற்காலையில் நன்றாகவே குளிரும்.

கூட வர்ற பசங்க வேகமா போயிடுறாங்க. நான் பின்தங்கி எல்லாருக்கும் தொந்தரவு ஆயிடுவேனோ?

உங்கள் வயதும் வேகமும் உள்ள இன்னொருவரை மார்கழிக்குள் கண்டுபிடித்து, பயிற்சியின் நீண்ட நாள்களை அவரோடு நடங்கள். மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்பது மதிப்பான வேகம். 20 கிலோமீட்டரை ஓய்வோடு சேர்த்து ஏழு மணி நேரத்தில் முடித்துவிடலாம். இளைஞர்களைத் துரத்தி முதல் நாளைக் கடப்பவர் இரண்டாம் நாளில் அதற்கான விலையைக் கொடுப்பார். நல்ல குழுவில் கடைசியாக நடந்துவர ஒருவரை நியமித்திருப்பார்கள். அவருக்குப் பின்னால் மட்டும் போய்விடாதீர்கள்.

மகன் வேண்டாங்கிறான். “கார்ல கூட்டிட்டுப் போறேன், உங்களுக்கு எதுக்குப்பா இந்த வயசுல”ன்னு சண்டை போடுறான்.

அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை வாதாடிப் போக்க முடியாது. மருத்துவர் தந்த சீட்டைக் காட்டுங்கள்; ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாள் நடையிலும் உங்களோடு நடக்க அழைத்துச் செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எழுந்து நடப்பதை நேரில் பார்த்த பிள்ளைகள் பலர் மனம் மாறியிருக்கிறார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையில் பெயர், ரத்த வகை, நோய், மருந்து, வீட்டு எண் எழுதியிருப்பதும், ஒவ்வொரு இரவும் இருக்கும் இடத்தைச் சொல்வதும் அவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டிய மரியாதை. பூசத்தன்று காரில் பழனிக்கு வந்து உங்களைச் சந்திக்கச் சொல்லுங்கள்.

அவ்வளவு தூரம் நடந்த பிறகு மலை ஏற முடியுமா?

எழுநூறுக்குச் சற்றுக் குறைவான படிகள். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், இறக்கம்தான் முட்டியைச் சோதிக்கும். யானைப்பாதை சரிவாக, அகலமாக இருப்பதால் ஏறவும் இறங்கவும் அதுவே மேல். வின்ச் எனப்படும் இழுவை ரயிலும் ரோப் காரும் இருக்கின்றன என்றாலும் பூசத்தன்று அவற்றுக்கான வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். நடந்து களைத்த காலுக்கு நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. அடிவாரத்தில் திருஆவினன்குடியில் வணங்கிவிட்டு, ஓர் இரவு தூங்கி எழுந்து விடியலில் ஏறுங்கள். கூட்டம் நெரிந்தால் காத்திருங்கள், நெரிசலுக்குள் மட்டும் போகாதீர்கள்.

பாதி வழியில நின்னுட்டா வேண்டுதல் குத்தம் ஆயிடாதா?

இந்தப் பயத்தினால்தான் நிறுத்த வேண்டியவர்கள் நிறுத்தாமல் நடக்கிறார்கள் என்பதால், இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து 108ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் களைப்பும் குமட்டலுமாகவும் வரும். கால் வலிக்கு, இருபது நிமிட அளவை முன்பே சொல்லியிருக்கிறேன்.

நின்றவர்கள் பேருந்தில் பழனி போய் முருகனைத் தரிசித்துவிட்டு, அடுத்த ஆண்டு நின்ற இடத்திலிருந்து தொடர்கிறார்கள். ஒட்டன்சத்திரத்தில் நிறுத்தி, மறு ஆண்டு அங்கேயே தேங்காய் உடைத்துத் தொடங்கிய ஓர் அம்மாவை நான் அறிவேன். அவருடைய வேண்டுதலில் குறை இருந்ததாக எங்கள் குழுவில் மூத்தவர்கள் யாரும் சொன்னதில்லை.

திரும்பி வந்ததும் கால் வீங்கிடுது. அது எப்ப சரியாகும்?

இரண்டு கால்களும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால் பயப்பட வேண்டாம். பழனியிலிருந்து பேருந்தில் காலைத் தொங்கப்போட்டு நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து வருவதே அதற்குப் பெரும் காரணம். வழியில் வண்டி நிற்கும் இடங்களில் இறங்கிச் சற்று நடங்கள். வீட்டில் இரண்டு மூன்று நாள் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவும் தொட்டால் வலியாகவும் இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதை உருவிவிடவோ தைலம் தேய்க்கவோ கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் வாரம் வீட்டைச் சுற்றி நடந்தால் போதும், அடுத்த வாரத்திலிருந்து அரை மணி நேர நடைக்குத் திரும்பலாம். நடை நாள்களுக்காகக் குறைத்த சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவுக்கு எப்போது மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்க மறந்துவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் மேலும் இரண்டு வாரத்துக்குத் தினமும் இரவில் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாதவர்கள் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.